அறுப்பின் பண்டிகையில நான் சொன்ன சாட்சி

எங்க வூட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும்னா பஸ் டைம்ல ஆரம்பிச்சாத்தான் சரியா வரும். சித்தூர் பஸ் ஸ்டாண்டுல அவுரு கண்ட்ரோலர். பேரு பிரகாசம். ஆனா டிரைவரு, கண்டக்டரு, பூக்காரி, சோடாக் கடைக்காரன் எல்லாருக்கும் ‘கண்ட்ரோலர் சார்’தான். எந்த வண்டி எத்தினி மணிக்கு வரும், எப்ப கெளம்பும், எந்த ஊர்ல எவ்ளோ நேரம் நிக்கும், எல்லாம் மனப்பாடம். போர்டைத் திரும்பிக்கூட பாக்க மாட்டாரு. தமிழ்ல கேட்டா தமிழ்ல சொல்லுவாரு, தெலுங்குல கேட்டா தெலுங்குல சொல்லுவாரு. புத்தலப்பட்டுக்குப் போற பொம்பள ஒருத்தி கைக்கொழந்தையோட வந்து கேட்டான்னா, டைம் மட்டும் சொல்லி அனுப்ப மாட்டாரு. “இப்ப வர்ற வண்டி கூட்டமா வரும்மா. பத்து நிமிஷம் பொறுத்தா அடுத்தது வருது, ஒக்காந்துக்கினு போலாம்”னு சொல்லுவாரு. அப்படி ஒரு மூளை. அந்த மூளையை நான்தான் கெடுத்தேன். மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா சுத்தி வளைச்சி சுத்தி வளைச்சே பதினாறு வருஷத்தை ஓட்டினவ நான்.

எம்பேரு ஞானசௌந்தரி. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். வாய் கொஞ்சம் நீளம், சபையில கேட்டா சொல்லுவாங்க. எங்கள்து பழைய மிஷன் சபை. ஒருத்தர் வூட்டு அடுப்புல இன்னா வேகுதுன்னு மத்தியானத்துக்குள்ள எல்லா வூட்டுக்கும் தெரிஞ்சிடும். மிஷன் ஆஸ்பத்திரியில நர்ஸுங்க எங்க ஆளுங்க, மருந்து குடுக்கறவங்க எங்க ஆளுங்க, பள்ளிக்கூடத்துல டீச்சருங்க எங்க ஆளுங்க. இதை ஞாபகம் வெச்சிக்கங்க, நான் மாட்டிக்கினதே இதுலதான்.

கண்டக்டரா இருந்த காலத்துல எங்க வூட்டுக்காரரு ஒல்லியா இருப்பாரு. நாளெல்லாம் நின்னுக்கினு, ஏறி எறங்கிக்கினு, வண்டி மேல மூட்டை ஏத்திக்கினு இருந்த ஒடம்பு. அறுபத்தி நாலுல கண்ட்ரோலர் ஆனாரு. அப்ப அவுருக்கு நாப்பத்திரெண்டு வயசு. அன்னியிலேந்து நாற்காலிதான். ஒக்காந்த எடத்துக்கு டீ வரும், பஜ்ஜி வரும், சிகரெட் வரும். வூட்டுக்கு வந்தா நான் இருக்கேனே! கேழ்வரகு களி, கருவாட்டுக் கொழம்பு, தொட்டுக்க மாங்கா ஊறுகாய், அதுக்கும் மேல பொரிச்ச வடகம். சட்டை பத்தலன்னு வருஷா வருஷம் புதுசா தெக்க வேண்டியதாப் போச்சி. எனக்குப் பெருமைன்னா அப்படி ஒரு பெருமை. புருஷனுக்குத் தொப்பை போட்டா பொஞ்சாதி நல்லா ஆக்கிப் போடறான்னு அர்த்தம். “இன்னா சௌந்தரி, கண்ட்ரோலரு கலெக்டர் மாதிரி ஆயிட்டாரே”ன்னு யாராவது சொன்னா எனக்கு அன்னிக்கு சாப்பாடே வேணாம்.

அறுபத்தி ஏழு வெயில் காலத்துல பஸ் ஸ்டாண்டுலயே தலை சுத்தி விழுந்துட்டாரு. ரிக்ஷாவுல போட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுக்கினு போனாங்க. நான் பதறிக்கினு ஓடினேன். டாக்டரம்மா கையில பட்டையைக் கட்டிப் பாத்துட்டு, நூத்தித் தொண்ணூறுக்கு மேல பிரஷர் இருக்குதுன்னாங்க. அந்தம்மா என்னை ஒக்கார வெச்சி நிதானமா சொன்னாங்க. “இது வலிக்காது. அதான் இதுல இருக்கற கெடுதலே. வலிக்காம உள்ளுக்குள்ள ரத்தக் கொழாயை எல்லாம் பாழ் பண்ணிக்கினே இருக்கும். இருதயம், கிட்னி, மூளை, ஒண்ணையும் விடாது. உப்பைக் கொறைங்க. கருவாடு, ஊறுகாய் கூடாது. சிகரெட்டை விடச் சொல்லுங்க. தெனம் நடக்கட்டும். மாத்திரை ஆயுசுக்கும் சாப்பிடணும்.”

நான் சொன்னா அவுரு கேப்பாரோ இல்லியோ, டாக்டரம்மா சொன்னதைக் கேட்டாரு. டைம் டேபிள் ஆளாச்சே. மாத்திரையையும் ஒரு பஸ் மாதிரி கரெக்ட் டைமுக்கு அனுப்புவாரு. எங்க வூட்லேந்து பஸ் ஸ்டாண்டு ரெண்டு மைலு. காலையில நடந்தே போவாரு, சாயங்காலம் நடந்தே வருவாரு. உப்பில்லாத கொழம்பை மொகம் சுளிக்காம துன்னுட்டு, “பழகிடும் சௌந்தரி”ம்பாரு. ஒரு வருஷத்துல தொப்பை கரைஞ்சி போச்சி. எனக்கு அதுவே ஆகல. “ஏம்மா, ஒங்க வூட்டுக்காரருக்கு சீக்கா?”ன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. கண்ட்ரோலருக்கு பஸ்ஸா கெடைக்கல, நடந்து போறாரேன்னு ஒருத்தி சிரிச்சா.

அறுபத்தி எட்டுல திரும்பவும் டாக்டரம்மாகிட்ட போனோம். பட்டையைக் கட்டிப் பாத்தாங்க. நூத்தி முப்பதுன்னாங்க. நான் அங்கயே கையெடுத்துக் கும்பிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். டாக்டரம்மா சிரிச்சிட்டு, “பிரஷர் இறங்கிடுச்சி. மாத்திரை சாப்பிடறதாலதான் இறங்கியிருக்குது, நிறுத்தினா மறுபடி ஏறும்”னாங்க. ரெண்டையும் சேத்துதான் சொன்னாங்க. என் ரெண்டு காதாலயும் ரெண்டையும் கேட்டேன்.

எங்க சபையில அறுப்பின் பண்டிகை அன்னிக்கு ஒரு வழக்கம் உண்டு. கோழி, பூசணிக்கா, வெல்லம், நெல்லுன்னு ஆளாளுக்குக் கொண்டாந்து பீடத்துக்கு முன்னாடி வெப்பாங்க. ஆராதனை முடிஞ்சதும் வெளிய அதை ஏலம் விடுவாங்க. ஏலத்துக்கு முன்னாடி, அந்த வருஷம் கர்த்தர் யாருக்கு இன்னா நன்மை செஞ்சாருன்னு எழுந்து நின்னு சாட்சி சொல்லணும். ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கற ஜன்னல்ல ஒக்காந்திருந்தாளே ரத்தினம்மா, அவ வருஷம் தவறாம எழுந்துப்பா. மவனுக்கு எளைப்பு நின்னுச்சி, கெணத்துல தண்ணி வந்துச்சி, காணாமப்போன ஆடு திரும்பி வந்துச்சி. அவளுக்கு மட்டும் எப்படிடியம்மா வருஷத்துக்கு ஒண்ணு நடக்குதுன்னு எனக்கு வயித்தெரிச்சல். நான் கல்யாணமாகி வந்த நாளா ஒக்காந்து கேட்டுக்கினேதான் இருந்தேன்.

அந்த வருஷம் நான் எழுந்தேன். பட்டுப்பொடவை கட்டிக்கினு இருந்தேன். “எங்க வூட்டுக்காரருக்கு பிரஷர் வந்து சாகக் கெடந்தாரு. நான் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணேன். கர்த்தர் முழுசா சொகமாக்கிட்டாரு. டாக்டரம்மாவே பாத்துட்டு பிரஷர் போயிடுச்சின்னு சொல்லிட்டாங்க”ன்னேன். உபவாசம் இருந்தது நெசம். மத்ததுல பாதி நெசம், பாதியை முழுங்கிட்டேன். மாத்திரைன்னு ஒரு வார்த்தை என் வாயில வரல. சபை பூரா “ஸ்தோத்திரம்”னுச்சி. ரத்தினம்மாகூட முந்தானையால கண்ணைத் தொடச்சிக்கினா. ஆம்பளைங்க பக்கம் ஒக்காந்திருந்த எங்க வூட்டுக்காரரு தலையைக் குனிஞ்சிக்கினு பாட்டுப் புத்தகத்தைப் பொரட்டிக்கினு இருந்தாரு.

அடுத்த வாரம் மாத்திரை தீந்து போச்சி. வழக்கம்போல நான்தான் வாங்கப் போனேன். ஜன்னல்ல ரத்தினம்மா. “இன்னா அண்ணி, அண்ணனுக்குத்தான் சொகமாயிடுச்சே, இப்ப இன்னா மாத்திரை?”ன்னா. அவ ஒண்ணும் குத்தலா கேக்கல. நெஜமாவே தெரியாமத்தான் கேட்டா. “எனக்குத்தான், தலைவலிக்கு ஏதாவது குடு”ன்னு வாங்கிக்கினு வந்துட்டேன்.

வூட்டுக்கு வந்து சொன்னதும் எங்க வூட்டுக்காரரு, “அதுக்கின்னா, திருப்பதியிலேந்து வாங்கிக்கினு வரச் சொல்லி கண்டக்டருகிட்ட சொல்றேன்”னாரு.

“கண்டக்டரு காதுல விழுந்தா சபை காதுல விழாதா? என்னைப் பொய்க்காரின்னு நிக்க வெக்கப் போறீங்களா? கர்த்தர் சொகமாக்கினாருன்னு சபைக்கு முன்னாடி சொல்லிட்டு, இங்க திருட்டுத்தனமா மாத்திரை துன்னா அது அவிசுவாசம் இல்லியா?”ன்னு கத்தினேன். அவிசுவாசமாம்! எனக்கு இருந்தது மானப் பிரச்சனை, அதுக்கு வேதத்தைத் தூக்கிப் போத்தினேன்.

அவுரு “சரி விடு சௌந்தரி, ஒனக்கு அவமானம்னா வேணாம்”னாரு. அவ்ளோதான். சண்டை போடற ஆளா இருந்தா நல்லா இருந்திருக்கும்.

மாத்திரையோட நின்னுச்சா? பத்தியம் இருந்தா சொகமாகலன்னு ஆயிடுமே! அடுத்த மாசம் சபையில அன்பின் விருந்து. வாழை எலை போட்டு எல்லாரும் வரிசையா ஒக்காந்திருக்காங்க. நான் ஊறுகாய் ஜாடியை வெச்சிக்கினு பரிமாறிக்கினு வர்றேன். எங்க வூட்டுக்காரரு எலை மேல கையைக் குறுக்க வெச்சாரு. எதிர்வரிசையில நாலு பேரு பாத்துக்கினு இருந்தாங்க. “இன்னாங்க, கையை வெக்கிறீங்க? ஒங்களுக்குத்தான் ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சே!”ன்னு சிரிச்சிக்கினே கையை நவுத்திட்டு ரெண்டு கரண்டி வெச்சேன். அவுரு அதைத் தொட்டுக்கினு சாப்பிட்டாரு. எலையில ஒரு துண்டு மீதி வெக்கல. இத்தினி வருஷத்துல நான் செஞ்சதுலயே இதை நெனைச்சாத்தான் எனக்கு கூசிப் போவுது.

நடக்கறதும் நின்னு போச்சி. காலையில மொத வண்டி டிரைவரு எங்க தெரு முனையில நிறுத்தி ஏத்திக்கினு போறாப்பல நானே ஏற்பாடு பண்ணேன். சிகரெட்டும் பழையபடி திரும்பிச்சி. தொப்பையும் திரும்பிச்சி. எழுபத்தி நாலுல எங்க மவ எலிசபெத்துக்கு வேலூர் பக்கம் சம்பந்தம் வந்துச்சி. மாப்பிள்ளைக்கு திருப்பதியில வேலை. “சாட்சியுள்ள குடும்பம்னு கேள்விப்பட்டோம்”னு சம்பந்தியம்மா சொன்னாங்க. அதுக்கப்பறம் பிரஷர்னு ஒரு வார்த்தை எங்க வூட்டுல யாரும் பேசல. அவுருக்கு ஒரு தலைவலிகூட வரல. அதனால நான் சொன்னது நெசமாவே ஆயிடுச்சின்னு நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன்.

எண்பதுல ரிட்டயரானாரு. ரிட்டயரானதும் பஸ் ஸ்டாண்டுக்குப் போறது நிக்கல. தெனம் போயி ஒரு பெஞ்சுல ஒக்காந்துக்கினு, வர்றவங்களுக்கு டைம் சொல்லிக்கினு இருப்பாரு. மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சி. அப்பறம் சின்னச் சின்னதா வந்துச்சி. கீர்த்தனை பாடும்போது ரெண்டாஞ் சரணத்துக்கு அப்பறம் மறுபடி ரெண்டாஞ் சரணம். சட்டை பட்டனை ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டுக்கினு நிப்பாரு. துன்னு கையைக் கழுவிட்டு வந்து, “சாப்பாடு போடலியா?”ம்பாரு. வயசாச்சின்னேன் நான். அம்பத்தெட்டு வயசுல அப்படி இன்னா வயசு? என்னைக் கேட்டா நானே பதில் சொல்ல மாட்டேன்.

ஒருநாள் புத்தலப்பட்டு விவசாயி ஒருத்தன் பொஞ்சாதியோட எங்க வூட்டைத் தேடிக்கினு வந்துட்டான். எங்க வூட்டுக்காரரு அவனை வேலூர் வண்டியில ஏத்தி வுட்டுட்டாராம். அரை நாள் அலைஞ்சிட்டு வந்து தெலுங்குல திட்டினான். அவன் திட்டினதுல நியாயம் இருந்துச்சி. நான் விடுவேனா? “முப்பது வருஷம் இந்த ஜில்லாவுக்கே டைம் சொன்ன மனுஷன். ஒனக்குக் காது மந்தம்னா அவுரு இன்னா செய்வாரு?”ன்னு தெருவே கேக்கற மாதிரி கத்தி அவனைத் தொரத்திவுட்டேன். உள்ள வந்து பாத்தா எங்க வூட்டுக்காரரு செவுத்தைப் பாத்துக்கினு, சித்தூர், புத்தலப்பட்டு, பாகாலா, சந்திரகிரின்னு வெரலை மடக்கி மடக்கி எண்ணிக்கினு இருந்தாரு. பாகாலாவுக்கு அப்பறம் ஒவ்வொரு தரமும் தடுமாறிட்டு மறுபடி சித்தூர்லேந்து ஆரம்பிச்சாரு.

எண்பத்தி மூணுல நாங்க ரெண்டு பேரும் எலிசபெத் வூட்டுக்குத் திருப்பதி போனோம். காலையில பேப்பர் வாங்கிக்கினு வர்றேன்னு போனவரு வரல. நாங்க தேடாத எடமில்ல. சாயங்காலம் ஒரு கண்டக்டரு, பழைய பழக்கம், கையைப் புடிச்சிக் கூட்டிக்கினு வந்தாரு. தலை மழமழன்னு மொட்டை. மொட்டை பூரா சந்தனம். கையில காயிதத்துல சுத்தின லட்டு.

பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்காரு, கூட்டம் ஏறின வண்டியில தானும் ஏறிட்டாரு. அது திருமலை வண்டி. மேல எல்லாரும் வரிசையில நின்னாங்களாம், இவுரும் நின்னாராம். பாவம், மொட்டை போடறவருக்கு இன்னா தெரியும்? யாரோ புண்ணியவானுங்க சாப்பாடு வாங்கிக் குடுத்து, கூடவே வெச்சிக்கினு இருந்து, அந்த கண்டக்டருகிட்ட ஒப்படைச்சிருக்காங்க. எங்க வூட்டுக்காரரு மொட்டையைத் தடவிக்கினு, “நல்லா காத்தோட்டமா இருக்குது சௌந்தரி”ன்னு சிரிச்சாரு.

நான் இன்னா கேட்டேன்? எங்கங்க போனீங்க, பயந்துட்டீங்களான்னு கேட்டேனா? “ஐயோ, இந்த மொட்டையோட சபைக்கு எப்படிங்க போவீங்க?”ன்னு கேட்டு அவுரு தலையில துண்டைக் கட்டினேன். அப்பறம் சித்தூருக்கு வந்து, தலையில சிரங்கு, அதான் மழிச்சோம்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். பொய் சொல்ல நான் கஷ்டப்பட்ட காலம் அப்பவே மலையேறிப் போச்சி.

எலிசபெத் என்னை விடல. மொட்டையோட வந்த மறுநாளே எங்க ரெண்டு பேரையும் திருப்பதியில ஒரு டாக்டருகிட்ட கூட்டிக்கினு போனா. வயசான தெலுங்கு டாக்டரு. பிரஷர் பாத்தாரு, கையைத் தூக்கச் சொன்னாரு, நடக்கச் சொன்னாரு, இது இன்னா வருஷம், இன்னா மாசம்னு கேட்டாரு. எங்க வூட்டுக்காரரு வெக்கப்பட்டுக்கினு என்னைப் பாத்தாரு. நான் தலையைக் குனிஞ்சிக்கினேன். பிரஷர் எரநூத்திப் பத்து.

“இதுக்கு முன்னாடி பிரஷர் இருந்துச்சாம்மா?”

“இல்லீங்க டாக்டர். தெரியவே தெரியாது.”

எலிசபெத் என்னைத் திரும்பிப் பாத்தா. “இன்னாம்மா சொல்ற? நான் ஸ்கூல் படிக்கும்போது நைனாவுக்கு பிரஷர் வந்துச்சே. சொகமாயிடுச்சின்னு நீதானே சபையில சாட்சி சொன்ன?”

டாக்டரு பேனாவை மூடினாரு. “மாத்திரை குடுத்திருப்பாங்களே, யாரு நிறுத்தச் சொன்னது?”

சொல்றதுக்கே நாக்கு கூசுது. “அவுராத்தாங்க நிறுத்திட்டாரு. சொன்னா கேக்க மாட்டாரு”ன்னேன்.

பக்கத்துல ஒக்காந்திருந்த எங்க வூட்டுக்காரரு தலையை ஆட்டினாரு. “ஆமா டாக்டர், நான்தான் நிறுத்தினேன்”னாரு. மறந்துபோயி சொன்னாரா, என்னைக் காப்பாத்தணும்னு சொன்னாரா, எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது.

டாக்டரு என்னைத் திட்டல. பொறுமையா தெலுங்குல சொன்னாரு. மூளைக்குப் போற சின்னச் சின்ன ரத்தக் கொழாயிங்க வருஷக் கணக்கா பிரஷர் தாங்கி கெட்டுப் போயிருக்குதாம். அங்கங்க கொஞ்சம் கொஞ்சமா அடைச்சி, அந்தந்த எடம் வேலை செய்யாம போயிடுச்சாம். “இது நேத்து வந்த வியாதி இல்லம்மா. நாப்பத்தஞ்சு, அம்பது வயசுல எப்படி இருந்தாரோ அதோட பலன் இப்ப தெரியுது. அப்பவே மாத்திரை, நடை, உப்பு, சிகரெட்டு எல்லாத்தையும் கவனிச்சிருந்தா வராமயே போயிருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இவ்ளோ சீக்கிரம், இவ்ளோ மோசமா வந்திருக்காது. போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம்”னு மாத்திரை எழுதினாரு. இந்தத் தடவை ஒரு வேளை தவறாம குடுத்தேன். எனக்கு எல்லாம் லேட்டாத்தான் வரும்.

அதோட விட்டிருந்தா இந்த அசிங்கம் என்னோடயே கல்லறைக்குப் போயிருக்கும். எண்பத்தி நாலுல மாதர் சங்கக் கூட்டம் முடிஞ்சி வர்றேன், ஜெபமணி பின்னாடியே ஓடி வந்தா. எங்க சபைப் பொண்ணு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அவ புருஷன் இன்பசேகரன் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு, நாப்பத்தி நாலு வயசு. ரெண்டு சின்னப் பொண்ணுங்க.

“அக்கா, ஒங்ககிட்டதான் சொல்றேன். இவுருக்கு போன வருஷம் பிரஷர் வந்துச்சி. மாத்திரையில கொறைஞ்சிடுச்சி. எங்க மாமியாரு நீங்க அந்தக் காலத்துல சொன்ன சாட்சியை அப்படியே சொன்னாங்க. நாங்களும் விசுவாசத்தோட மாத்திரையை நிறுத்திட்டோம்க்கா, ஒரு மாசம் ஆவுது. இந்த அறுப்பின் பண்டிகைக்கு நான் சாட்சி சொல்லப் போறேன். ஒங்களுக்குச் செஞ்சவரு எங்களுக்குச் செய்ய மாட்டாரா?” கண்ணு ரெண்டும் பளபளன்னு இருந்துச்சி அவளுக்கு.

“ஜெபமணி, மாத்திரையை நிறுத்தாதம்மா”ன்னேன்.

“ஏங்க்கா?”

ஏன்னு சொல்லணுமே! வாயைத் தொறந்தேன். “ஒவ்வொருத்தர் ஒடம்பு ஒவ்வொரு மாதிரி…”ன்னு இழுத்தேன். அவ மொகம் மாறிப் போச்சி. “ஒங்களுக்கு ஒரு சாட்சி இருக்குது, எங்களுக்கு இருக்கக் கூடாதாக்கா?”ன்னு கேட்டுட்டு விறுவிறுன்னு போயிட்டா. ரத்தினம்மாவைப் பாத்து நான் பட்ட மாதிரி, அவளைப் பாத்து வயித்தெரிச்சல்ல சொல்றேன்னு நெனைச்சிட்டா. எனக்கு வேணும்.

மூணு நாள் சோறு எறங்கல. என் பொய்யை நானே துன்னு ஜீரணிச்சிட்டேன்னு நெனைச்சிக்கினு இருந்தேன், அது இன்னொருத்தி வூட்டுல போயி மொளைச்சிருக்குது. இன்பசேகரன் என் கண்ணுக்கு முன்னாடி பட்டனை மாத்திப் போட்டுக்கினு நிக்கிற மாதிரியே தோணிச்சி. நாலாம் நாள் சத்தியநாதன் ஐயரைப் போயிப் பாத்தேன். அப்ப இருந்த போதகரு. எல்லாத்தையும் ஒப்பிச்சேன். அவுரு “டாக்டரையும் மாத்திரையையும் குடுத்தது கர்த்தர் இல்லைன்னு யாரும்மா ஒங்களுக்குச் சொன்னது?”ன்னாரு. அப்பறம், “எங்க சொன்னீங்களோ அங்கதான் திருத்தணும். வர்ற ஞாயித்துக்கெழமை அறுப்பின் பண்டிகையில மொதல்ல ஒங்களைக் கூப்பிடறேன்”னாரு.

ஞாயித்துக்கெழமை எங்க வூட்டுக்காரரை ஆம்பளைங்க பக்கம் ஒக்கார வெச்சிட்டு வந்தேன். வூட்டுல இருந்தா என்னை நல்லாத் தெரியும், சௌந்தரி சௌந்தரின்னு பின்னாடியே வருவாரு. வெளிய கூட்டத்துல பாத்தா சில சமயம் யாரோன்னு நெனைச்சி வணக்கம் வெப்பாரு. ஐயர் என் பேரைக் கூப்பிட்டாரு. ஜெபமணி எனக்கு முன் வரிசையில ஒக்காந்திருந்தா. கையில எழுதி வெச்ச காயிதம்.

எழுந்தேன். “பதினாறு வருஷத்துக்கு முன்னாடி இதே எடத்துல நின்னு ஒரு சாட்சி சொன்னேன். அது பொய்”னு ஆரம்பிச்சேன். டாக்டரம்மா சொன்னதுல பாதியை முழுங்கினது, மருந்து ஜன்னல்ல ரத்தினம்மாகிட்ட தலைவலின்னு சொன்னது, அன்பின் விருந்துல கையை நவுத்திட்டு ஊறுகாய் வெச்சது, சிரங்குன்னு சொன்ன மொட்டை, திருப்பதி டாக்டருகிட்ட பழியை அவுரு மேல போட்டது, ஒண்ணு விடாம சொன்னேன். “கர்த்தர் சொகமாக்கலன்னு நான் சொல்ல வரல. அவுரு டாக்டரம்மா கையில மருந்தைக் குடுத்தாரு, நான் என் கௌரவத்துக்காக அதைத் தட்டிவுட்டேன். எங்க வூட்டுக்காரரு மூளை போனது என்னாலதான். யாராவது என் சாட்சியைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியிருந்தா, ஒங்க கால்ல விழறேன், இன்னிக்கே எடுத்துக்கங்க”ன்னேன்.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லல. பின்னாடி ஒருத்தி ‘ச்சே’ன்னா. ஒக்காரும்போது பெஞ்சு காலி ஆகியிருந்துச்சி, பக்கத்துல இருந்தவங்க நவுந்து ஒக்காந்திருந்தாங்க. ஜெபமணி கையில இருந்த காயிதத்தை நாலா, எட்டா, பதினாறா மடிச்சிக்கினே இருந்தா. அவ எழுந்துக்கல. ஆராதனை முடிஞ்சதும் இன்பசேகரன் பொம்பளைங்க பக்கம் வந்து, “ஜெபமணி, வா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்”னு கூப்பிட்டாரு. என்னைத் தாண்டிப் போகும்போது ஜெபமணி என்னைத் திரும்பிப் பாக்கல. பாக்காட்டி போவுது, போனாளே, அது போதும்.

வெளிய மரத்தடியில ஏலம் ஆரம்பிச்சிட்டாங்க. என்கிட்ட யாரும் வந்து பேசல. தனியா நின்னுக்கினு இருந்தேன். எங்க வூட்டுக்காரரு கூட்டத்தை வெலக்கிக்கினு நேரா என்கிட்ட வந்தாரு. வந்து ரெண்டு கையையும் கூப்பினாரு.

“அம்மா, நீங்கதானே உள்ள பேசினது?”

“ஆமாங்க.”

“கேட்டுக்கினு இருந்தேன். மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சி. இப்ப எப்படி இருக்காரு ஒங்க வூட்டுக்காரரு?”

“அப்படியேதாங்க இருக்காரு. மாத்திரை குடுத்துக்கினு இருக்கேன்.”

“ஒங்கள அவுரு திட்டலியா?”

“ஒரு நாளும் திட்டலீங்க.”

வண்டி லேட்டுன்னா யோசிப்பாரே, அந்த மாதிரி மோவாயைத் தடவிக்கினு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. “சபைக்கு முன்னாடி சொல்லிட்டீங்க, சரி. அவுருகிட்ட சொன்னீங்களா?”

ஐயருகிட்ட சொல்லிட்டேன். முந்நூறு பேருகிட்ட சொல்லிட்டேன். பக்கத்துல படுத்து எழுந்துக்கற மனுஷன்கிட்ட, அவுருக்குப் புரியற காலத்துல, ‘என் தப்புங்க’ன்னு ஒரு வார்த்தை சொன்னவ இல்ல நான்.

“இல்லீங்க, இன்னும் சொல்லல”ன்னேன்.

“போயிச் சொல்லுங்கம்மா. நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு, புரிஞ்சிக்குவாரு”ன்னு சொல்லிட்டு, மறுபடி ஒரு வணக்கம் வெச்சிட்டு, ஏலக் கூட்டத்துப் பக்கம் நடந்து போயிட்டாரு.